அத்தை சாப்பிடாத மத்தியானம்

அக்காவுக்குப் பாளையங்கோட்டைக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் அம்மா முதலில் எதிர்வீட்டில் சொன்னாள். அப்புறம் பக்கத்து வீட்டில், அப்புறம் பால்காரரிடம். சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் வீட்டு நடைமுறைப்படி எந்த நல்ல செய்தியும் ஆழ்வார்திருநகரியில் இருந்த அத்தைக்கு, வெற்றிலை பாக்கோடு நேரில் போய், முதலில் சொல்லப்பட வேண்டும். அத்தை அப்பாவுக்கு மூத்தவள்; தாயில்லாத அப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று அப்பா இருந்தார். அதற்குள் பேருந்தில் யாரோ அத்தைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். எனக்குத் தின்ன முந்திரிக்கொத்து கொடுத்தாள். அக்காவின் தலையைத் தடவினாள். கல்லூரி பற்றி ஒரு வார்த்தை இல்லை. இலை போட்டபோது மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

“நான் சாப்பிட்டுட்டுத்தாம்லே வந்தேன்” என்றாள் அப்பாவிடம்.

“மதினி, ஒரு வாய் ரசஞ்சோறாவது…” என்றாள் அம்மா.

“ஊருக்கெல்லாம் பந்தி போட்டு முடிச்சாச்சுல்லா. கடைசி ஆளுக்கு எதுக்குட்டி எல?”

அவ்வளவுதான். அடுத்த பேருந்தில் போய்விட்டாள். அப்பாவும் அன்று சாப்பிடவில்லை.

காலையில் விடுதிக்குப் பெட்டி வாங்குவது பற்றிப் பேசிய மனிதர், மாலையில் வேறு ஆளாக இருந்தார். கல்லூரி வேண்டாம் என்று சொல்லவேயில்லை. கேட்டால் “பாப்போம்” என்பார். ஆழ்வார்திருநகரிப் பயணமும் நின்றது. “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கன போக?” என்றார் ஒரு தரம்.

நாங்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டோம். அக்கா மதிப்பெண்களைக் காட்டினாள். தலைமையாசிரியை வீடு தேடி வந்து வாதாடினார். அப்பா மரியாதையாகக் காபி கொடுத்து வாசல்வரை கொண்டுவிட்டார். அம்மா அழுதாள். நானும் என் பங்குக்குச் சோறு வேண்டாம் என்று அடம் பிடித்தேன். கல்லூரியில் சேரும் கடைசி நாள் போயிற்று. தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம்.

நான் உயிர்வேதியியல் படித்து, ஓய்வு பெறும்வரை அதையே கற்பித்தேன். உடம்பின் வேதிவினைகளை முடுக்கிவிடும் நொதியில் (என்சைம்) வேலை நடக்கிற குழி ஒன்று உண்டு. அந்தக் குழியையே ஒரு தடுப்பான் அடைத்துக்கொண்டால், நொதி வேலை செய்ய வேண்டிய பொருளை நிறையக் கொட்டி அதைத் தள்ளிவிடலாம். இன்னொரு வகை குழிப் பக்கமே வராது. தள்ளி, நொதியின் வேறோர் ஓரத்தில் போய் ஒட்டும். மொத்த நொதியும் லேசாக உருமாறும், குழி கோணிப்போகும். அதன்பின் கொட்டுவது பெரும்பாலும் வீண். ஆனால் ஓரத்தில் ஒட்டியது கழன்றுவிட்டால் குழி தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும். இதைப் பலகையில் படம் போட்டு, பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று அதட்டி, தேர்விலும் கேட்டு, விடைத்தாளில் சிவப்பு மையால் திருத்தியும் இருக்கிறேன். எங்கள் வீடு ஒரு தரமும் நினைவுக்கு வரவில்லை.

அத்தை கடைசியாகப் படுத்திருந்தபோது அக்காதான் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் என் எதிரிலேயே அவளிடம் அத்தை சொன்னாள்:

“படிக்கக் கூடாதுன்னு நான் எப்பம்ட்டி சொன்னேன்? ஒரு எட்டு வந்து சொல்லியிருந்தா, நானே ஒன்னயக் கூட்டிட்டுப் போயி சேத்துவிட்டிருப்பேம்லா.”

அக்கா அத்தையின் போர்வையைச் சரிசெய்தாள்.

அக்காவின் கல்லூரிக்காக அப்பாவிடம் மன்றாடிய நாட்களில் எங்கள் தெருமுனையில் தினமும் திருநெல்வேலிப் பேருந்து நின்று போயிற்று. அழுவதற்கு அப்பாவின் காலடி சரியான இடமில்லை, அந்தப் பேருந்தில் ஏறி அத்தையிடம் போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டிய வயதில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.