சுண்டுவிரல் பட்ட பந்து

"அண்ணா, நீ நாலு வார்த்தை பேசினா போதும். அவரைப் பத்தி உனக்குத் தெரியாததா?" என்று தங்கை கேட்டபோது டிரைவர் தலையை ஆட்டிவிட்டார். தங்கையின் கணவர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அவர் நடத்திய பில்லியர்ட்ஸ் ஹாலிலேயே தெருக்காரர்கள் கூடி அவரைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. தெரியாதது என்று ஒன்று இருந்தால் பரவாயில்லை. டிரைவருக்குத் தெரிந்ததுதான் தொல்லை. அந்த மனிதர் யோக்கியரா இல்லையா என்ற கேள்வி இரண்டு வருஷமாக டிரைவரை உறுத்திக்கொண்டிருந்தது.

ஹால் ஒரு மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. நான்கு மேசைகள், சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. அதன் சொந்தக்காரரைத் தெரு முழுக்க 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடும். காலையில் கதவைத் திறந்ததும், மட்டம் பார்க்க, கண்ணாடிக் குமிழ் வைத்த ரசமட்டக் கட்டையை ஒவ்வொரு மேசையின் நாலு மூலையிலும் வைத்துப் பார்ப்பார். குமிழ் நடுவில் நிற்காவிட்டால் குப்புறப் படுத்து, மேசைக்காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகுவார். பிறகு பச்சைத் துணியைப் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்து, இளஞ்சூட்டில் இஸ்திரி போடுவார். அது முடியாமல் ஒருவரும் மேசைமேல் கை வைக்கக் கூடாது.

"வீட்டுல கட்டிலுக்கும் இதை வெச்சுப் பார்ப்பீங்களா?" என்று, அங்கே வழக்கமாக ஆட வரும் வயர்மேன் ஒருநாள் வம்புக்கு இழுத்தார்.

"பார்த்தேன். கட்டில் மட்டமாத்தான் இருக்கு. படுக்குறவன்தான் ஒரு பக்கமா சாயறான்."

பெரிய மனிதர் என்று சொல்வதற்கில்லை. கோபம் வந்தால் நாள்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மனைவியைக் கடல் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியே பதினோரு வருஷத்தை ஓட்டினார். ஆட்டமும் சுமார் ரகம். ஆனால் ஹாலில் ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். குறி பார்க்கும்போது ஆடுகிறவனின் கையோ சட்டையோ ஏதாவது ஒரு பந்தில் பட்டுவிட்டால், அது தப்பாட்டம். முறை எதிராளிக்குப் போய்விடும். அதைத் தொட்டவனேதான் கையைத் தூக்கி, "தொட்டேன்" என்று சொல்ல வேண்டும். எதிராளி சொல்லக் கூடாது. வேடிக்கை பார்ப்பவன் மூச்சு விடக் கூடாது. மீறிச் சொன்னவனைப் படியிறக்கி அனுப்பிவிடுவார்.

"அடுத்தவன் சொல்லி ஒத்துக்கிட்டா அது நேர்மை இல்ல மச்சான். மாட்டிக்கிட்டது" என்பார்.

இந்த ஒரு வழக்கத்துக்காகவே டிரைவருக்கு அவரைப் பிடித்தது. நாளெல்லாம் சாலையில், இடித்துவிட்டு இடிக்கவில்லை என்று கத்துகிறவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்கு, யாரும் கேட்காமலே கை தூக்குகிற மனிதர்களைப் பார்ப்பது ஆறுதலாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெருப் போட்டியின் கடைசி ஆட்டம். ரசமட்டமும் வயர்மேனும் ஆடினார்கள். இரண்டு பேருக்கும் தலா ஒரு பந்துதான் பாக்கி. ரசமட்டம் இடது கையைத் துணியில் ஊன்றி, விரல்களுக்கு நடுவில் குச்சியை வைத்துக் குறி பார்த்தார். அந்தக் கைக்குப் பக்கத்திலேயே, வயர்மேன் போட வேண்டிய சிவப்புப் பந்து. பெஞ்சில் இருந்த டிரைவர் தெளிவாகப் பார்த்தார்: சுண்டுவிரல் சிவப்புப் பந்தில் இடித்தது. பந்து அரை விரற்கடை நகர்ந்தது. குறியிலேயே கண்ணாக இருந்த ரசமட்டம் கை தூக்கவில்லை. அடித்தார், பந்து குழியில் விழுந்தது, ஜெயித்தார்.

வயர்மேன் அந்தச் சிவப்புப் பந்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு குச்சியைச் சுவரில் சாத்தி, கை குலுக்கிவிட்டுப் படியிறங்கினார். அப்புறம் அவர் ஹால் பக்கமே வரவில்லை.

டிரைவர் வாயைத் திறக்கவில்லை. ஹால் விதி அப்படி. மனசுக்குள் மட்டும் ஒரு கதவைச் சாத்திக்கொண்டார். மாப்பிள்ளை சொன்னால் சொல்லட்டும், நாமாகக் கேட்டால் அது மாட்டிக்கொண்டதாகத்தானே ஆகும் என்று காத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து ரசமட்டம் ஆடுவதையே நிறுத்திவிட்டார். மேசையைத் துடைப்பார், இஸ்திரி போடுவார், குச்சியை மட்டும் தொடமாட்டார். 'மனசு உறுத்துது போல' என்று டிரைவர் நினைத்தார். தங்கை வீட்டுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார்.

"என்ன மச்சான், இந்தப் பக்கமே காணோம்?"

"டியூட்டி."

அதோடு சரி.

கூட்டத்துக்காக ஞாயிறு காலை டிரைவர் ஹாலில் நாற்காலி போடப் போனபோது, தங்கை முதல் மேசைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் போலவே, ஒரே திசையில்.

"பார்த்து. கையைச் சுட்டுக்காதே."

"அவர்தான் சுட்டுக்கிட்டார். இதே பெட்டியில. இடது கையில ரெண்டு விரல், தோல் வெந்துபோச்சு. துணிதான் கருகுதுன்னு நினைச்சாராம் அண்ணா. வலியே தெரியலையாம்."

டிரைவர் கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "எப்போ?"

"போட்டி முடிஞ்சு ரெண்டு மாசம் இருக்கும். அன்னிக்குத்தான் அவருக்கே தெரிஞ்சது, அந்தக் கை மரத்துக் கிடக்குன்னு. வயசாகுதுன்னு மருந்து தடவிக்கிட்டார். யார்கிட்டயும் சொல்லாதேன்னார். குச்சியையும் வெச்சுட்டார். 'தொட்டதே தெரியாதவன் தொட்டேன்னு எப்படிடி சொல்லுவான்? நான் இனிமே ஆடக் கூடாது'ன்னார். அப்புறம் காலில புண் ஆறலைன்னு போனப்போதான் சர்க்கரை, அதுதான் கையையும் மரக்க வெச்சதுன்னு சொன்னாங்க. எல்லாம் முத்திப்போச்சு."

ஊன்றிய கை உணர்வில்லாமல் கிடந்திருக்கிறது. நேர்மை என்று ஒன்று மனசுக்குள் இருந்தால் போதும் என்றுதான் டிரைவர் எண்ணியிருந்தார். அதற்கு உணர்வுள்ள தோலும் வேண்டியிருக்கிறது.

தங்கை பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஒரே ஒரு கவலை அவருக்கு. 'இதுக்கு முன்னாடி ஆடினப்போ எங்கயாவது தெரியாம தொட்டிருப்பேனோ'ன்னு ஒரு வாரம் தூங்கலை. அப்புறம் அவராவே சமாதானம் ஆயிட்டார். 'தொட்டிருந்தா மச்சான் சொல்லியிருப்பான். விதியாவது ஒண்ணாவது, என் விஷயத்துல அவன் சும்மா இருப்பானா'ன்னார்."

அவள் அதை ஒரு பெருமையாகத்தான் சொன்னாள்.

பிற்பகல் ஹால் நிறைந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் பேசினார், தையல்காரர் பேசினார். எல்லோரும் நல்லவர், நேர்மையானவர் என்றார்கள். வயர்மேன் கடைசியாக வந்து படிக்கட்டு ஓரமாகவே நின்றுகொண்டார். தங்கை முன்வரிசையில் இருந்தாள்.

டிரைவர் எழுந்தார். நல்லதாக நாலு வார்த்தை இப்போது தாராளமாக வரும். இனி மனசாரச் சொல்லலாம். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், தப்பாட்டத்தை மறைத்து ஆட்டம் ஜெயித்தது போல ஆகும். அவர் இடது கையைத் தூக்கினார். அந்த ஹாலின் விதி தெரிந்தவர்களுக்குப் புரிந்தது.

"கடைசிப் போட்டியில மாப்பிள்ளை கை சிவப்புப் பந்துல பட்டுச்சு. அவருக்கு அது தெரியாது, கை மரத்திருந்தது. எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். ரெண்டு வருஷம் அவரைத் திருடனா நினைச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அன்னிக்கே சொல்லியிருந்தா, கைக்கு என்ன ஆச்சுன்னு யாராவது பார்த்திருப்பாங்க."

தூக்கிய கையை அவர் இறக்கவில்லை.

படிக்கட்டு ஓரத்திலிருந்து வயர்மேன் சொன்னார்: "நானும்தான் பார்த்தேன்." அவர் கையும் மெல்ல மேலே போனது.

டிரைவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தங்கையைத்தான் பார்த்தார். அவள் அழவில்லை. இருவர் கைகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அண்ணனிடம் மட்டும், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டாள்:

"அவர் உன்னை நம்பினாரே, அண்ணா?"

இந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ளத்தானே எழுந்தோம் என்று டிரைவர் நினைத்தார். கையை இறக்கிக்கொண்டு, அவள் முன்னால் நின்றார்.