சந்தியாகு சுமந்துவந்த மூட்டை

சந்தியாகு அண்ணாச்சி வீட்டுக்கு வரும்போது முதலில் தேக்கு வாசனை வரும், பிறகு இருமல் வரும், அப்புறம்தான் ஆள் வருவார். சயான் பக்கம் ஒரு மரம் அறுக்கும் மில்லில் பதினாலு வருஷமாக ரம்பத்துக்கு எதிரே நின்றவர். சாயங்காலம் வேலை முடிந்தால் ஆளுக்கு ஒரு மூட்டை மரத்தூள் சும்மா எடுத்துக்கொள்ளலாம். அதைத் தலையில் வைத்துத் தாராவி வரை நடந்து வருவார்.

அந்தத் தூளில்தான் எங்கள் சோறு வெந்தது. அவர் மனைவி ஜெயசீலி அக்கா, தங்கள் ஒற்றை அறையில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த எங்கள் ஆறு பேருக்கு இரண்டு வேளையும் சமைத்துப் போட்டார். ஆளுக்கு மாதம் முப்பத்தைந்து ரூபாய்.

அடுப்பை அண்ணாச்சிதான் கட்டுவார். அடிப்பக்கம் பக்கவாட்டில் ஓட்டை போட்ட தகர டின். நடுவில் ஒரு சோடா பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கையால் இடிப்பார். பிறகு கட்டையையும் பாட்டிலையும் மெதுவாக உருவுவார். "உறங்குற பிள்ளையத் தூக்குற மாதிரி எடுக்கணும்" என்பார். தூள் சரியாமல் நிற்கும். கீழே சுள்ளி வைத்துப் பற்றவைத்தால் நாலு மணி நேரம் எரியும்.

"மாட்டுங்கா பெரிய வீட்டுல எல்லாம் வெறும் கேஸுலதான் ஆக்குதாவ. நாம தேக்குல வெந்த சோறு திங்கோம்" என்பான் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஞானசேகரன். அண்ணாச்சி சிரிப்பார். சிரிப்பு இருமலாக மாறும்.

அறுபத்தாறாம் வருஷம், நெஞ்சில் தூசி படிந்திருக்கிறது, மில்லை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதா கோயில்காரர் ஒருவர் மாட்டுங்காவில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேன் வேலை பார்த்துவைத்தார். மில்லில் எண்பத்தைந்து ரூபாய். இங்கே எழுபத்தைந்து. மில்லை விட்டால் தூளும் நின்றுபோகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த அக்கா என் முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க ஆபீஸ்ல கணக்கு எழுதுறவுக. கரியா, விறகா, மண்ணெண்ணெயான்னு போட்டுப் பாருங்க. இவுக மில்லை விட்டா நமக்குக் கட்டுமா?"

போட்டேன். மாதத்துக்குக் கரி முப்பது ரூபாய். விறகு இருபத்தாறு. மண்ணெண்ணெய் இருபது, கியூவில் நிற்க ஆள் இருந்தால். கேஸ் எங்கள் சந்துக்கு வராது. கரண்டென்றால் வீட்டுக்காரன் ஒரு பல்புக்கு மேல் விடமாட்டான். மரத்தூளுக்கு நேரே ஒரு சைபர் எழுதினேன்.

எண்ணெய்க்கு இருபது, சம்பளத்தில் பத்து. மாதம் முப்பது துண்டு விழும். எங்களுக்கு ஆக்கிப்போட்டு அக்காவுக்கு மிஞ்சியதே அந்த முப்பதுதான். அதில்தான் வாடகையும் மகள் செல்வமேரியின் ஸ்கூல் பீஸும்.

"கட்டாது அக்கா."

"பாத்தியாட்டி? படிச்ச பிள்ளை சொல்லுது" என்றார் அண்ணாச்சி. "இன்னும் ஒரு வருசம் போட்டும். அவ எட்டாப்பு முடிக்கட்டும்."

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. தாளில் விரலை வைத்தார். "இந்த முட்டை என்னது தம்பி?"

"தூளோட விலை அக்கா."

"ம்" என்றார்.

அடுத்த மழைக்கு முன்பே அண்ணாச்சி போய்விட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவர் தலையைத் துடைத்த ஈரத்துணி பழுப்பாக வந்தது.

வீட்டில் இரண்டு மூட்டை மிச்சமிருந்தது. அடக்கம் முடிந்த நாலாம் நாள் அக்காவே அடுப்பைக் கட்டினார். பாட்டிலை உருவியதும் தூள் சரிந்தது. மறுபடி கட்டினார், மறுபடி சரிந்தது. மூன்றாம் தடவை நின்றது. நாங்கள் யாரும் எழுந்துபோய்ப் பிடிக்கவில்லை. மூட்டைகள் தீர்ந்ததும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது.

அன்று மத்தியானம் சோற்றுக் கரண்டியோடு நின்றபடியே கேட்டார்.

"கான்வென்ட்ல கூட்டிப் பெருக்கப் போறேன். இருந்தாலும் எண்ணெய்க்குக் காணாது. ஆளுக்கு அஞ்சு ரூவா கூடக் குடுக்கணும். முடியாதுன்னா சொல்லிருங்க தம்பிகளா."

"அதுக்கென்னக்கா" என்றான் ஞானசேகரன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒரு வாய்ச் சோற்றை விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை. ஆறு அஞ்சு, அதே முப்பது.

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குக் கேட்கிற முகம்தான்.

"போன வருசம் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பீங்களா தம்பி?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே, பென்சில் கையில் இருக்கும்போது, ஆளுக்கு ஐந்து கூடக் கொடுத்தால் கட்டும் என்று எனக்குத் தோன்றியது. ஊருக்கு அனுப்புகிற பணத்தில் ஐந்து குறையுமே என்று நினைத்தேன். எழுதவில்லை.

"குடுத்திருப்போம் அக்கா."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.