கால் பட்டால் தொட வேண்டும்

அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். தனியாளாகவும் செய்திருக்கிறேன். ஆனால் மறுநாள் முழுக்க இடுப்பு என்னோடு சண்டை போடும். அதனால் மற்ற நாளெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது சந்தை நாளில் மட்டும். அன்றைக்குத்தான் அக்கா கம்பைநல்லூரிலிருந்து பஸ் ஏறி காரிமங்கலம் வருவாள். சந்தையில் காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பையை வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தூக்கு" என்பாள். பிறகு "இறக்கு" என்பாள். நடுவில் "சோப்பு" என்பாள். ஒரு வருஷமாக எனக்கும் அவளுக்கும் பேச்சு அவ்வளவுதான்.

தப்பு என்னுடையது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பி, கென்யாவில் இரண்டு வருஷம் தன்னார்வலராக வேலை பார்த்தேன். முதல் வருஷம் முடிகிற சமயத்தில் அப்பாவுக்கு வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன். அக்காதான் தடுத்தாள். "ஒத்துக்கிட்ட வேலைய முடிச்சுட்டு வாடா. மே மாசம் வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றாள். மாமாவையும் பிள்ளைகளையும் கம்பைநல்லூரில் விட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

அவள் பி.எட். முடித்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஜூனில் கணக்கு டீச்சராகச் சேரச் சொல்லியிருந்தார்கள். மேயில் நான் வந்துவிட்டால் ஜூனில் அவள் போய்ச் சேர்ந்துவிடலாம். நான் வந்ததோ செப்டம்பர் கடைசியில். "புராஜெக்டை நீட்டிச்சுட்டாங்க" என்று போனில் சொல்லியிருந்தேன். அவளுக்கு வைத்திருந்த வேலைக்கு வேறு யாரோ போய்விட்டார்கள்.

புராஜெக்டை யாரும் நீட்டிக்கவில்லை. நான் அங்கே ரக்பி விளையாடிக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்துக் கபடியிலேயே ஒப்புக்குச் சப்பாணியாக நின்றவன். தர்மபுரிக்காரனைக் கென்யாவுக்கு எதற்கு அழைத்தார்கள் என்றால், ராகிக்காக. அங்கே மேற்குப் பக்கம் நம்மைப் போலவே ராகி போடுகிறார்கள், ஆனால் கையால் தூவி விதைப்பார்கள். நாற்று விட்டு வரிசையில் நடச் சொல்லித் தருவது என் வேலை. ஏரியூர்ப் பக்கம் பத்து வருஷம் செய்த அதே வேலை. களி தின்று அலுத்துப்போய் விமானம் ஏறினால், முதல் நாள் சாப்பாட்டில் தட்டில் களிதான் வந்து உட்கார்ந்தது. அவர்கள் அதற்கு வேறு பேர் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டு நினைப்பில் வந்த அழுகை இல்லை, எரிச்சலில் வந்தது.

நான்கு மணிக்கு மேல் வேலை கிடையாது. பேச ஆளும் கிடையாது. எங்கள் பிக்கப் வண்டியை ஓட்டியவர் அந்த ஊர் ரக்பி அணிக்கு கேப்டன். நாற்பதை நெருங்கிய, பீரோ மாதிரி மனுஷன். ஒரு நாள் ஆள் குறைகிறது என்று வண்டியை வயலிலிருந்து நேராக மைதானத்துக்கு விட்டுவிட்டார். என்னிடம் கேட்கக்கூட இல்லை.

விளையாட்டு இவ்வளவுதான். பந்தோடு ஓடுகிறவனை எதிராளி மறித்து விழ வைப்பான். விழுந்தவன் பந்தை விட்டுவிட வேண்டும். உடனே இரண்டு பக்கத்து ஆட்களும் அவன் மேலே தாண்டி நின்று ஒருவரையொருவர் நெட்டித் தள்ளுவார்கள். எந்தப் பக்கம் தள்ளி ஜெயிக்கிறதோ பந்து அந்தப் பக்கம். கீழே கிடப்பவனுடைய கையை மிதிக்கிறோமா காலை மிதிக்கிறோமா என்று பார்க்க நேரம் இருக்காது.

முதல் நாளே ஒருவருடைய முதுகில் என் கால் பட்டது. யோசிக்கவே இல்லை, கை தன்னால் போய்விட்டது. குனிந்து அவர் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்வதற்குள் எதிரணிக்காரன் என் காலிடுக்கிலிருந்து பந்தை உருவிக்கொண்டு போய்விட்டான். கேப்டன் ஓடிவந்து, "கீழே என்ன தேடுகிறாய், பல் விழுந்துவிட்டதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஏழெட்டுப் பேர் மண்டியிட்டுப் புல்லில் என் பல்லைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

விளக்கிச் சொன்னேன். எங்கள் ஊரில் யார் மேல் கால் பட்டாலும் தொட்டுக் கும்பிட வேண்டும், புத்தகத்தின் மேல் பட்டாலும் அப்படித்தான் என்றேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "ரொம்ப நல்ல பழக்கம். மைதானக் கோட்டுக்கு வெளியே வைத்துக்கொள்" என்றார் கேப்டன்.

வைத்துக்கொள்ள முடிந்தால்தானே? கால் பட்டால் கை போகிறது. ஒரு போட்டியில் கடைசி நிமிஷத்தில் இதே மாதிரி குனிந்து, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்டேன். அதற்கு மேல் கேப்டன் பொறுக்கவில்லை. பயிற்சி முடிந்ததும் பத்துப் பேரை வரிசையாகக் குப்புறப் படுக்க வைப்பார். நான் அவர்கள் மேல் காலை வைத்து வைத்து நடக்க வேண்டும். கை கீழே போனால் திரும்ப முதலிலிருந்து. முதல் வாரம் இரண்டு பேரைத் தாண்டவில்லை. படுத்திருப்பவர்கள் "சீக்கிரம் மிதித்துத் தொலை, வீட்டுக்குப் போக வேண்டும்" என்று கத்துவார்கள். இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் பத்துப் பேரையும் மிதித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். கை தொங்கிக்கொண்டே இருந்தது. எல்லோரும் எழுந்து வந்து என்னைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள்.

அது மே மாதத் தொடக்கம். என் வேலை முடிந்துவிட்டிருந்தது. ஆனால் விசா பாக்கி இருந்தது, கேப்டன் வீட்டில் ஓர் அறை இருந்தது, பக்கத்து ஊர்களோடு போட்டி ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிவதாக இருந்தது. என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படித் தூக்கியதில்லை. அந்த வாரமே வீட்டுக்கு போன் போட்டுப் பொய் சொன்னேன்.  அக்கா "செரி" என்றாள். அந்த நான்கு மாதத்தில் பாதி ஆட்டம் வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் போட்டியில் தோற்றோம். இருந்தும் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

திரும்பி வந்த அன்று அக்கா வாசலில் நின்றாள். எந்த மாத்திரை எப்போது என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்தாள். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னாள். அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். அன்றிலிருந்து புரட்டிக்கொண்டிருக்கிறேன். கஞ்சி, மாத்திரை, மூத்திரத் துணி, மறுபடி கஞ்சி. நடுவில் ஒரு ஜூன் வந்து போனது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் காலியாகவில்லை. அக்கா இதை ஒன்றரை வருஷம் செய்தாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. போன் எடுத்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொன்னால் இந்த "தூக்கு, இறக்கு"கூட நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கும். சொல்லாமல் கிடந்ததில்தான் பாதி அசதி.

போன சந்தை நாளன்று வழக்கம்போல் அப்பாவை நான் தோள் பக்கமும் அவள் கால் பக்கமுமாகத் தூக்கினோம். பின்கட்டில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கும்போது என் கால் எதன் மேலோ அழுத்தமாக விழுந்தது. அக்கா "ஸ்ஸ்" என்றாள். அப்பாவை இறக்கினோம். நான் மக்கில் தண்ணீர் மொண்டு சூடு பதமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு மக்கு ஊற்றியும் விட்டேன்.

"மிதிச்சியே, தெரியுதா?" என்றாள் அக்கா.

"எதை?"

"என் காலை."

பார்த்தேன். கட்டைவிரல் நகத்தோரம் ரத்தம் கட்டியிருந்தது. அப்பாவின் எடையும் என் எடையும் சேர்ந்து அதன் மேல் இறங்கியிருக்கிறது.

"நம்ம வூட்ல கால் பட்டா கை தன்னால போவும். சின்னப் புள்ளைல பூனை மேல பட்டாக்கூட தொட்டுக் கும்புடுவே. அதையும் அங்கியே விட்டுட்டு வந்துட்டியாடா?"

கையில் அப்பா இருந்தார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவரை உட்கார வைத்த பிறகு கை காலியாகத்தான் இருந்தது. அது மக்கைத் தேடிப் போயிற்று, அவள் காலைத் தேடிப் போகவில்லை. பத்துப் பேரை மிதித்தும் கீழே போகாமல் பழகிய கை. 

"அக்கா, புராஜெக்ட் நீளல. மே மாசமே வேல முடிஞ்சிருச்சு. விளையாடறதுக்காகத்தான் அங்க இருந்தேன்."

அவள் சோப்பை அப்பாவின் முதுகில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள். "எந்தத் தேதி வருவான்னு கேக்க மே மாசமே உங்க ஆபீசுக்கு போன் பண்ணேன். அவரு வேலை முடிஞ்சிருச்சுங்க, அவராத்தான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்னு சொல்லிட்டாருங்கன்னாங்க."

"அப்பவே ஏன் என்னைக் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

மக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தேன். அவள் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். நான் கேட்டு நீ தொட்டா அது எதுக்கு எனக்கு?"

அப்படியே குனிந்தபடி நின்றேன். அப்பா ஈரத்தலையோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. குளிரில் அவர் பல் தந்தியடிக்கத் தொடங்கியது. "குளுருது அவுருக்கு, துண்டு எடு" என்றாள் அக்கா. எடுத்தேன். துடைத்தோம். வேட்டி மாற்றினோம். திரும்பவும் கட்டிலுக்குத் தூக்க வேண்டும்.

நான் அப்பாவின் அக்குளில் கை கொடுத்தேன். அவள் முழங்காலுக்கு அடியில் கை கொடுத்தாள். "தூக்கு" என்றாள். நான் தூக்கவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கீழ என்னடா தேடற?"

"உன் கால் எங்க இருக்குதுன்னு பாக்கறேன்."

 அக்கா வீங்கிய காலைக் கொஞ்சம் நகர்த்தி, என் கால் வைக்க இடம் விட்டாள். நான் வைத்தேன்.

"இப்பத் தூக்கு" என்றாள்.