கண்ணன் பாதத்துக்குப் பக்கத்தில்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எனக்கு மூன்றாவது கீமோ முடிந்த வாரம் கிருஷ்ண ஜெயந்தி வந்தது. வாசலிலிருந்து பூஜை அறைவரை அரிசிமாவில் கண்ணன் பாதங்களை வைத்துவிட்டுத் திரும்பினேன். வெள்ளைப் பாதங்களை ஒட்டியே சிவப்பாக இன்னொரு வரிசை வந்திருந்தது. பெரிய கால். கணவர் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும்தான். “யாரு?” என்று கேட்டபடி ஓர் அடி வைத்தேன். என் காலுக்கடியிலேயே புதிதாக ஒரு சிவப்புப் பாதம் பதிந்தது.

கணவர் வந்து ரத்தத்தைத் துடைத்து, உள்ளங்காலிலிருந்து வளையல் துண்டை எடுத்தார். “காலையில உடைஞ்சதுதானே இது? வலிக்கவே இல்லையா உனக்கு?”

வலிக்கவில்லை. கீமோவால் பாதம் மரத்துப்போய்ப் பல நாளாகியிருந்தது. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து டாக்டரிடம் மறைத்திருந்தேன். அன்று மத்தியானமே சொன்னேன். அளவைத்தான் குறைத்தார்கள்.

இப்போதும் தினமும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறேன், வீட்டுக்குள் வந்துவிட்ட யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பதுபோல.