எந்த லினக்ஸ் நல்லது?

பழைய லப்டொப் திருத்துகிறவனுக்கு மெஷினால் வரும் தலையிடி பாதி, அதைக் கொண்டுவருகிறவர்களால் வருவது மீதி. துறைமுகப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். உப்புக்காற்று மெஷின்களைத் தின்கிறது, கேள்விகள் என்னைத் தின்கின்றன. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரங்களே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நாலு பென்டிரைவ்

சாம்பல்தீவில் டியூசன் நடத்தும் கணித டீச்சர் ஒருவர் லப்டொப்போடு வந்தார். புதிய விண்டோஸ் அதில் ஏறாது. வேறு வாங்க வசதியில்லை. பிள்ளைகளுக்குச் சோதனைத் தாள் அடிப்பதெல்லாம் அதில்தான். "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடலாம் டீச்சர். இலவசம், பழைய மெஷினிலும் ஓடும்" என்றேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். புடவைக் கடைக்காரன் மாதிரி, லினக்ஸில் ஒவ்வொரு வகை ஏற்றிய நாலு பென்டிரைவை மேசையில் பரப்பி, இது உபுண்டு, இது மின்ட், இது டெபியன், இது ஃபெடோரா என்று ஒவ்வொன்றின் அருமை பெருமையையும் அவிழ்த்துவிட்டேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு லப்டொப்பைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்:

"நல்லதெண்டா ஒண்டு போதுமே தம்பி, ஏன் நாலு?"

விசாரணை

அடுத்த நாள் அவருடைய கணவர் வந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. இந்த லினக்ஸைச் செய்தது யார், ஏன் காசு வாங்குவதில்லை, இதில் என்ன கள்ளம் என்று நின்றபடியே விசாரணை. உலகம் முழுக்க உள்ள ஆட்கள் தங்கள் விருப்பத்துக்குச் சேர்ந்து செய்கிறார்கள் என்றேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

"காசில்லாமச் செய்யிறவன் பிழை விட்டா, ஆரிட்டப் போய் ஏசுறது?"

பார்க்கத்தான் தந்தது

தொல்லை விட்டால் போதும் என்று அவரிடம் ஒரு பென்டிரைவைக் கொடுத்தேன். அதைச் செருகினால் லப்டொப்பில் எதையும் மாற்றாமல் லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். நிறுத்தியதும் அதில் செய்ததெல்லாம் போய்விடும். இரண்டையும் சொல்லித்தான் அனுப்பினேன். மனிதர் வீட்டில் போய் முதற் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

டீச்சருக்கு லினக்ஸ் பிடித்துவிட்டது. மறுநாள் காலைச் சோதனைக்கான தாள் முழுவதையும், வரைபுகளோடு, அதில் அடித்துச் சேமித்துவிட்டு லப்டொப்பை நிறுத்தியிருக்கிறார். அன்று மத்தியானமே, தாளைக் காணவில்லை என்று லப்டொப்போடு கடைக்கு வந்து நின்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. கண் கலங்கியிருந்தது.

"சேமிக்கச் சொன்னனான் தம்பி. அதுவும் சேமிச்சிட்டன் எண்டுதான் சொன்னது."

கடைக்கு அழகு

என் மெஷினைக் கொடுத்து, இதில் அடியுங்கோ டீச்சர் என்றேன். அவர் முதற் கேள்வியிலிருந்து தொடங்கினார். நான் அவருடைய லப்டொப்பைத் திறந்தேன். எதைப் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லையே. பழக்கதோஷம், மறுபடி நாலையும் ஒப்பிடத் தொடங்கினேன். டீச்சர் தலை நிமிராமலே, "இதில உங்களுக்கு வடிவாத் தெரிஞ்சது எது?" என்றார்.

பிடித்துவிட்டார். நான் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது மின்ட் ஒன்றைத்தான். மற்ற மூன்றும் கடைக்கு அழகு. உண்மையைச் சொன்னேன். மின்ட்டைப் போட்டு, அவர் அடித்து முடித்த தாளை அவருடைய லப்டொப்புக்கு மாற்றி, அதிலிருந்தே கடைப் பிரிண்டரில் அச்செடுத்தோம். கடைசிப் பக்கம் சூட்டோடு வெளியே வரும்போது கணவர் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றார். முகத்தில் அதே சந்தேகம். டீச்சர் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"இஞ்சருங்கோ, இனிப் பயமில்லை. பிழைச்சா ஏசுறதுக்குத் தம்பி இருக்கிறார்."

லினக்ஸில் எத்தனையோ வகை உண்டு, சாம்பல்தீவில் மட்டும் ஒரே வகை: பழுதானால் என்னைக் கூப்பிடும் வகை.