சகாயராஜ் இன்னும் போடவில்லை

போன வாரம் ஒருநாள் காலை, என் பேத்தி டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேகவைத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, உரித்து வாயில் போட்டுக்கொண்டே அமெரிக்காக்காரர்கள் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ராத்திரியாம். இங்கே விழுப்புரத்தில் அப்போதுதான் பால்காரர் வந்துவிட்டுப் போயிருந்தார். நான் காபி டம்ளரோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இதுல நம்ம கட்சி எது?"

"வெள்ளை டிரெஸ்ஸு தாத்தா. ஆனா நாங்க அவுட்டு. இனிமே மேல போவ முடியாது."

"அப்பறம் எதுக்கு ஆடறாங்க?"

"இன்னும் பதினோரு மேட்ச் பாக்கி இருக்குல்ல."

"அதுல ஜெயிச்சா?"

"ஒண்ணும் ஆவாது."

காபி புரையேறிவிட்டது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒன்றும் ஆகாத ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பதுதான் ஒரு காலத்தில் என் ஞாயிற்றுக்கிழமை வேலை என்று சொன்னேன். "சரி தாத்தா" என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அவள் கேட்கவில்லை என்பதால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் டிவியை அணைத்துவிட்டுக் கேட்கிற ஆள்.

மல்லாட்டை வாசனைதான் எல்லாவற்றுக்கும் காரணம். அந்த நாளில் விழுப்புரத்திலிருந்து கரிவண்டிப் பாசஞ்சரில் போனால், திண்டிவனம் வந்துவிட்டது என்பது முதலில் மூக்குக்குத்தான் தெரியும். மண்ணோடு வந்து இறங்கிய ஈரக்காய் வெயிலில் காயும் வாசனை. ஊரில் சமமாக, நீளமாக, ஓட்டை ஒடிசல் இல்லாத சிமிட்டித் தரை ஒன்று இருந்ததென்றால், அது மனுஷர்களுக்கானது அல்ல, மல்லாட்டைக்கானது. மண்டி துரைசாமியின் களம் என்று பெயர். எங்கள் கூடைப்பந்து மைதானமும் அதுதான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. பேனாவைவிடக் குரலால்தான் பெயரெடுத்தேன். பத்து வேகன் தள்ளி நிற்கிறவனைக் கூப்பிட எனக்கு மைக் வேண்டாம். இந்தக் குரலைக் கேள்விப்பட்டுத்தான் அருணகிரி சார் ஒருநாள், ஆட்டத்தை மைக்கில் அறிவிக்க ஆள் வேண்டுமென்று என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

அருணகிரி சார் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். பயிற்சிக்கென்று மெட்ராஸ் போன இடத்தில் கூடைப்பந்து லீக் ஒன்றைப் பார்த்துவிட்டார். வாரா வாரம் ஆட்டம், போர்டில் புள்ளிப் பட்டியல், அதைப் பார்க்கக் கூடும் கூட்டம். திரும்பி வந்த மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். அடுத்த மாதமே நோட்டீஸ் அடித்துவிட்டார். திண்டிவனம், விழுப்புரம், கிளியனூர், கூட்டேரிப்பட்டு என்று நான்கு அணிகள். அணிக்கு இருபது ஆட்டம். முதல் இரண்டு இடம் பெறும் அணிகள் இறுதிப் போட்டியில் மோதும்.

கிளியனூர்க்காரர்களிடம் இரும்பு வளையம் இல்லை. பனைமரத்தில் சாணிக்கூடை ஒன்றைக் கட்டினார்கள். அடி இருக்கிற கூடை. பந்து விழுந்தால் ஒருவர் ஏறி எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாம் வாரம் மரம் ஏறுகிறவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், அணி கலைந்தது. கூட்டேரிப்பட்டு ஆட்கள் முதல் ஞாயிறு வந்து கால்மணி நேரம் ஓடிப் பார்த்துவிட்டு, "உக்காந்து ஆடற மாதிரி எதனா இருக்குதா சார்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள்.

ஆக மிஞ்சியது இரண்டு அணி.

"சார், ரெண்டு டீம்தான் இருக்குது. மொத ரெண்டு எடம்னா ரெண்டு பேருமே வந்துடுவாங்களே. நேரா ஃபைனலை வெச்சிடலாமே" என்றேன்.

"அச்சுல வந்துடுச்சி தம்பி" என்றார் அருணகிரி சார். "அச்சுல வந்தத மாத்தினா நாளைக்கி எவன் நம்மள நம்புவான்?"

அவர் பிடிவாதத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இத்தனை ஞாயிறு அந்தத் தரையில் பந்து குதிப்பதைப் பார்த்துப் பழகிவிட்டால், ஊரே சேர்ந்து அதை மைதானம் என்று சொல்ல ஆரம்பித்துவிடும், துரைசாமியும் கொடுத்துவிடுவார் என்று நம்பினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முள்ளிலும் கல்லிலும் விழுந்து எழுந்துகொண்டிருந்த காலம். அந்தத் தரைமேல் அவர் வைத்திருந்த ஆசையை நான் வேறு எவரிடமும், எதன்மேலும் பார்த்ததில்லை.

துரைசாமியோ வியாபாரி. அவர் நிபந்தனை சுருக்கமானது.

"வாத்தியாரே, சிமிட்டி போட்டது மல்லாட்டைக்கு. நாயித்துக்கெழம மதியத்துல அம்பது தலை வந்து நின்னா நீங்க ஆடுங்க. ஒரு வாரம் கொறஞ்சாலும் அன்னியோட சரி, நான் காய கொட்டிடுவேன்."

எண்ணுவதும் அவரே. வாசலில் நாற்காலி போட்டு, உள்ளே வரும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு மல்லாட்டையை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்வார். இடைவேளையில் மடியை எண்ணுவார். சிக்கல் என்னவென்றால், ஆட்டம் சூடுபிடித்தால் அவர் கை தானாக மடிக்குப் போய்விடும். ஐந்தாவது ஆட்டத்தில் ஐம்பத்திரண்டு பேர் வந்திருந்தோம், அவர் கணக்கில் நாற்பத்தொன்று. காலடியில் கிடந்த தோலைப் பொறுக்கி எண்ணிக் காட்டித்தான் அன்றைக்குத் தரையைக் காப்பாற்றினேன்.

பாதி ஆட்டம் திண்டிவனத்தில், பாதி ஆட்டம் விழுப்புரத்தில். விழுப்புரத்தில் கவலையில்லை, ரயில்வே குவார்ட்டர்ஸ் ஜனங்களுக்குப் போக வேறு இடமில்லை. திண்டிவனத்தில்தான் உயிர் போகும். அங்கே காபிக் கடை வாசலில் கரும்பலகை வைத்து வாரா வாரம் புள்ளிப் பட்டியல் எழுதினேன். இரண்டே வரிதான். ஆனாலும், "திண்டிவனம் கிடுகிடுவென முன்னேறி முதலிடம். விழுப்புரம் பட்டியலின் அடிமட்டத்துக்குச் சரிவு" என்று எழுதுவேன். அடுத்த வாரம் இரண்டு பெயரையும் அழித்து மாற்றிப் போடுவேன். ஒருநாள் காபிக் கடையில் ஒரு பெரியவர் கேட்டார்.

"இந்த வாரம் தோத்தா என்னாவும்?"

"ரெண்டாவது எடம்ங்க."

"ஜெயிச்சா?"

"மொத எடம்."

"ஃபைனலு?"

"ரெண்டு பேருக்கும்தாங்க."

"அப்ப நான் ஃபைனலுக்கு வந்துக்கறேன்" என்று காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அவர் பின்னாலேயே ஊர் முழுக்க எழுந்து போவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் எனக்குச் சகாயராஜ் கிடைத்தார். அன்று எல்லோரும் அவரை 'அவன்' என்றுதான் சொல்வோம், நானும்தான். இப்போது எழுதும்போது கை 'அவர்' என்றே எழுதுகிறது, எழுதட்டும். எஞ்சின்கள் நிற்கும் லோகோ ஷெட்டில் கலாசி, கரி அள்ளுகிற வேலை. ஆறடிக்கு மேல் உயரம், பெரிய கை. எதிராளி பந்தைத் தடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வளையத்துக்குள் போட மட்டும் வராது. போடும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஷெட்டில் கரி வாரிப் போட்டே பழகிய கை, பந்து பலகையைத் தாண்டி மூட்டை அடுக்கில் போய் விழும். ஆறு ஆட்டம் முடிந்தும் ஒரு பாயிண்ட் இல்லை.

ஏழாவது ஆட்டத்தில் மைக்கில் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "விழுப்புரம் சகாயராஜ் இன்னும் போடவில்லை." கூட்டம் சிரித்தது. இரண்டு நிமிஷம் கழித்து, "சகாயராஜ், இன்னும் போடவில்லை" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. மறுநாள் கரும்பலகையில் பட்டியலுக்குக் கீழே அதையே எழுதினேன். ஒன்பதாவது ஆட்டத்துக்கு எழுபது பேர். பதினோராவதுக்கு நூறுக்கு மேல். ஓர் அம்மாள் மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டு விபூதி கொண்டுவந்து, தேவாலயம் போகிற அந்த மனிதர் நெற்றியில் பூசிவிட்டுப் போனார். இன்னொருவர் வளையத்தில் எலுமிச்சம்பழம் கட்டினார். துரைசாமி மடி கொள்ளாமல் படி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சகாயராஜ் போட்டாரா என்றால் பிச்சை எடுக்கிறவருக்கும் தெரியும்.

சகாயராஜும் சிரித்துக்கொண்டேதான் ஆடினார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது என் குரலே போதையாக இருந்தது.

அருணகிரி சாருக்குத்தான் முதலில் பயம் வந்தது. "போட்டுட்டான்னா என்ன தம்பி பண்றது?" என்றார். யோசித்துப் பாருங்கள், விளையாட்டு வாத்தியார் ஒருவர் விளையாட்டுக்காரர் பந்தைப் போட்டுவிடுவாரோ என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறார். இருவருமாக ஷெட்டுக்குப் போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டோம்.

"நான் என்னா வேணும்னா போடாம இருக்கறேன் சார்? வர்லியே" என்றார் சகாயராஜ்.

"வராமலே இருக்கட்டும்ப்பா. ஃபைனல் வரைக்கும்" என்றார் அருணகிரி சார். "புள்ளைங்களுக்கு ஒரு கிரவுண்டு கெடைக்கும்."

சகாயராஜ் கையில் இருந்த கந்தலில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "இத்தினி நாளா தானா நடந்துக்கினு இருந்திச்சி சார். இப்ப நானா பண்ணணும்னா பேஜாராச்சே. ஃபைனல்ல போட்டுக்கலாமா?"

"ஃபைனல்ல தாராளமா."

"சரி சார். கொழாயாண்ட மேரிய எல்லாம் கேலி பண்ணிக்கினு இருக்குதுங்க. ஃபைனலுக்கு இட்டாரேன்" என்றார். மேரி அவர் சம்சாரம்.

அதிலிருந்து பிடித்தது சனி. வேண்டுமென்றே தவறவிட முயன்றால், பந்து வளையத்தின் விளிம்பிலேயே போய் உட்கார்ந்து யோசித்துவிட்டு விழுந்தது. மனிதர் குறிபார்க்காமல் இருக்கப் பாடுபட்டதில் குறி வந்துவிட்டது. கூட்டத்துக்குப் பைத்தியமே பிடித்தது. பத்தொன்பதாவது ஆட்டம் வரை அப்படியே ஓடியது.

இருபதாவது ஆட்டம், திண்டிவனத்தில். எதற்கும் உதவாத கடைசி ஆட்டம். அடுத்த ஞாயிறு அதே தரையில் ஃபைனல். களத்தில் கால் வைக்க இடமில்லை. இரண்டாவது பாதியில், கூட்டத்துக்குள் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மேரி நிற்பதைப் பார்த்தேன். ஒரு வாரம் பொறுக்க முடியாமல் பாசஞ்சரில் தானாகவே வந்துவிட்டிருந்தார். சகாயராஜும் பார்த்தார். பந்து அவர் கையில். தரையில் கிடந்த இரண்டு மல்லாட்டை அவர் காலடியில் நொறுங்கியது. கண்ணை மூடவில்லை. பந்து பலகையில் பட்டு, வளையத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கியது.

களமே ஒரே கூச்சலாகிவிட்டது. சகாயராஜ் தூக்கிய கையை இறக்காமல் என் பக்கம் திரும்பினார். பதின்மூன்று ஆட்டமாக மைக்கில் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தவன் நான். இப்போது அதே பெயரை ஒரு தடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் அருணகிரி சார் முகம் வெளுத்துப்போய் நின்றார். எனக்கு அடுத்த ஞாயிறு, ஆளில்லாத களமாகக் கண்ணில் தெரிந்தது.

"ஆட்டம் தொடர்கிறது" என்றேன் மைக்கில்.

திரும்பும்போது பாசஞ்சரில் சகாயராஜ் என் பெட்டிக்குத் தேடிக்கொண்டு வந்தார். மேரி பின்னால் நின்றார்.

"மன்னிச்சிக்கங்க சார். மேரி பாத்துக்கினு இருந்தாளா, கை தானா போய்டுச்சி." மேரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மைக்குல பேரு சொல்லல போலக்கீதே" என்றார்.

"சொன்னேனே. அந்தச் சத்தத்துல ஒனக்குக் கேட்டிருக்காது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மேரி, சொன்னாராம்" என்றார். மேரி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கரித்தூள் கண்ணில் விழுந்ததாக யாராவது நினைத்திருந்தால் நல்லது.

ஃபைனலுக்குப் பதினோரு பேர் வந்தார்கள். ஃபைனலுக்கு வந்துக்கறேன் என்ற பெரியவர்கூட வரவில்லை. எல்லோருக்கும் லீக் போன வாரமே முடிந்துவிட்டது. இடைவேளையில் துரைசாமி எழுந்து வந்து, "பதினொண்ணு வாத்தியாரே" என்று உள்ளங்கையை விரித்தார். அன்றைக்கு அவர் ஒன்றைக்கூடத் தின்னவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கு ஞாபகம் இல்லை. சகாயராஜ் ஒன்றும் போடவில்லை. போடவில்லை என்று நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காயைக் கொட்டிவிட்டார்கள். வளையம் இருந்த கம்பத்தில் மூட்டை நிறுக்கும் தராசைத் தொங்கவிட்டார்கள். அருணகிரி சார் மிஞ்சிய நோட்டீஸின் பின்பக்கத்தில் ஓய்வு பெறும்வரை வருகைப் பட்டியல் எழுதினார். சகாயராஜுக்கு அந்த வருஷமே வேறு ஷெட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. அப்புறம் கரிவண்டி போனது, லோகோ ஷெட் போனது, களம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். திண்டிவனத்தில் இறங்கினால் மூக்குக்கு ஒன்றும் தெரிவதில்லை.

டிவியில் வெள்ளை டிரெஸ்காரர் ஒருவர் பந்தைப் போட்டார். ஒன்றும் ஆகாத ஆட்டம்தான், ஆனாலும் அங்கே மைக் பிடித்தவர் தொண்டை கிழிய அவர் பெயரைக் கத்தினார். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பத்து வேகன் தள்ளிக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"விழுப்புரம், சகாயராஜ். ரெண்டு பாயிண்ட்."

பேத்தி உரித்த மல்லாட்டையோடு திரும்பிப் பார்த்தாள்.

"யாரு தாத்தா அது?"

"போட்டுட்டாரும்மா" என்றேன்.