கோட்டுக்கு உள்ளே கார்ப்பரல்

பட்டாளத்தில் குச்சிக்குக் கார்ப்பரல் பட்டை கிடைத்ததில் அதிகம் ஆச்சரியப்பட்டவள் அவன் மனைவிதான். "உங்களுக்கு யாரையும் அதட்டவே வராதே. நாய் குரைச்சாலே எதிர்ப்பக்கம் போயிடுவீங்க. எப்படிங்க குடுத்தாங்க?" என்று போனில் கேட்டாள். கேட்ட கையோடு தெரு முழுக்கச் சொல்லிவிட்டும் வந்தாள். இனிப் பட்டை போனால் மானமும் கூடவே போகும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

அவள் சொன்னதில் தப்பில்லை. குச்சி ஐந்து பிள்ளைகளில் மூத்தவன். தம்பி தண்ணீர் பிடிக்க மாட்டேன் என்றால் குச்சியே பிடிப்பான். தங்கை பாத்திரம் தேய்க்க மாட்டேன் என்றால் அதையும் தேய்ப்பான். "மூத்தவன்னா பொறுத்துக்கணும்" என்று அம்மா சொல்லிச் சொல்லி, பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறொன்றும் தெரியாமல் வளர்ந்து, அப்படியே பட்டாளத்திலும் சேர்ந்துவிட்டான்.

வண்டிப் பிரிவில் அவனுக்குக் கீழே ஆறு லாரி ஓட்டுநர்கள். அவர்களில் ஒருவன் மீசை. இருவரும் ஒரே நாளில் பட்டாளத்துக்கு வந்தவர்கள். அடுத்தடுத்த கட்டில், ஒரே வாளி, ஒரே சோப்பு. முகாம் வாசலில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. கோட்டுக்கு உள்ளே தொப்பி தலையில் இருக்க வேண்டும், சட்டையின் கைப் பொத்தான் மாட்டியிருக்க வேண்டும், பட்டை உள்ளவனைப் பட்டையின் பெயரால்தான் கூப்பிட வேண்டும். வெளியே எப்படிப் போனாலும் கேள்வி கிடையாது. இத்தனை வருஷமாக அந்தக் கோடு இரண்டு பேர் கண்ணிலும் பட்டதே இல்லை.

ஓடிவிட்டு வந்த லாரியை ஓட்டியவனே கழுவி நிறுத்த வேண்டும் என்பது முகாம் சட்டம். அடியில் சேறு காய்ந்து போனால் எண்ணெய் ஒழுகுவது தெரியாது. பட்டை தைத்த மறுநாள் காலை மீசையின் லாரி சேறும் சகதியுமாக நின்றது. குச்சி எல்லோர் முன்னாலும், வேண்டுமென்றே குரலை உயர்த்தி, "வண்டியைக் கழுவு" என்றான்.

"முடியாது. போடா" என்றான் மீசை. பல் குத்துவதை நிறுத்தக்கூட இல்லை.

மற்ற ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குச்சிக்குக் காது மடல் சுட்டது. என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆகவே தெரிந்ததைச் செய்தான். வாளியை எடுத்துத் தானே கழுவினான்.

அங்கேதான் கெட்டது குடி. மறுநாள் இன்னொருவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் ஒருவனுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. குடிக்க அல்ல, தொட. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கச் சொல்லியா தர வேண்டும்? வார முடிவில் ஆறு லாரியும் பளபளவென்று நின்றன, ஆறு ஓட்டுநர்களும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள், கார்ப்பரல் சக்கரங்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான். முகாமிலேயே சுத்தமான பிரிவு என்று கேப்டன் பாராட்டினார்.

சார்ஜென்ட் பாராட்டவில்லை. லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களிடம் பேசினார்.

"யாருய்யா உள்ள?"

"கார்ப்பரல், சார்."

"அப்படியா? பட்டை கண்ணுக்குத் தெரியலயே. வெளிய வா."

குச்சி ஊர்ந்து வெளியே வந்து, சேறு சொட்டச் சொட்ட விறைப்பாக நின்றான்.

"குட்டக் குட்டக் குனியிறவனும் முட்டாள்னு சொல்வாங்க. நீ அவங்க குட்டறதுக்கு முன்னாடியே குனியிறே. முதல்ல முடியாதுன்னு சொன்னவன் யாருன்னு எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில ஒண்ணு அவன் வண்டியை அவன் கழுவணும், இல்ல அவனைக் கேப்டன் முன்னாடி கொண்டுவந்து நிறுத்தணும். ரெண்டும் முடியலன்னா பட்டையைப் பிரிச்சு என் மேஜையில வை. நூலையும் சேர்த்து."

மீசையின் மனைவி நிறைமாதம். வருகிற சனிக்கிழமை முதல் அவனுக்கு லீவு. கேப்டன் முன்னால் நிறுத்தப்படுகிறவனுக்கு முதலில் பறிபோவது லீவுதான். போன பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அன்றைக்கு மீசை ஊரில் இல்லை. ராத்திரி முழுக்கப் பக்கத்துக் கட்டிலில் அவன் அழுததைக் கேட்டவன் குச்சி ஒருவன்தான்.

சாயங்காலம் அவனைத் தனியாக டீசல் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டுப் போனான்.

"மச்சான், கோவம்னா என்னை நாலு அறை வேணும்னாலும் அறை. வண்டியை மட்டும் கழுவிடுடா. உன் லீவு போயிரும்."

"உனக்குப் பட்டை வந்தது எனக்கு யார் சொல்லித் தெரியும்? சமையல்காரர் சொல்லி. குழம்பு ஊத்திக்கிட்டே சொல்றாரு. ஒரே சோப்புல குளிச்சோமே, ஒரு வார்த்தை சொன்னியாடா நீ?"

சொல்லவில்லைதான். பட்டை மீசைக்குத்தான் வரும் என்று இருவருமே நினைத்திருந்தார்கள். எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்று குச்சி தள்ளிப் போட்டான், சமையல்காரர் முந்திக்கொண்டார்.

"தப்புதான். எல்லார் முன்னாடியும் உன்னை அதட்டுனதும் தப்பு. ஆனா வண்டி உன்னோடது. நீதான் கழுவணும்."

மீசை சிரித்தான். "நீயாவது, என்னைக் கொண்டுபோய் நிறுத்துறதாவது! உன்னால ஆகாதுடா. உன்னை எனக்குத் தெரியாதா?"

காலையில் லாரி சேற்றோடுதான் நின்றது. குச்சி இந்த முறை குரலை உயர்த்தவில்லை.

"வண்டியைக் கழுவு."

"முடியாது."

"சரி. தொப்பியைக் கழட்டு. பெல்ட்டைக் கழட்டு."

குற்றம் சாட்டப்பட்டவன் வெறுந்தலையோடு, பெல்ட் இல்லாமல்தான் கேப்டன் அறைக்குள் போக வேண்டும். சாட்டியவன்தான் கட்டளை சொல்லி நடத்திக் கூட்டிப்போக வேண்டும். மீசையின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நட என்றால் நடந்தான், திரும்பு என்றால் திரும்பினான், நில் என்றால் நின்றான். பட்டை வந்த பிறகு குச்சி சொல்லி மீசை கேட்டது அதுதான் முதல் தடவை.

கேப்டன் நிமிரக்கூட இல்லை. "லீவு ரத்து" என்றார்.

"சார், சனிக்கிழமை வரைக்கும் ஆறு வண்டியையும் இவனே கழுவட்டும் சார். லீவுல மட்டும் கை வைக்க வேணாம் சார்."

"கழுவலைன்னா யார் பொறுப்பு?"

"நான், சார்."

"ஒரு வண்டியில சேறு இருந்தாலும் அவன் லீவும் போகும், உன் பட்டையும் போகும். நீ ஒரு துணியைத் தொட்டாலும் அதே கதிதான். சார்ஜென்ட் எல்லாம் சொல்லிட்டார்."

அன்றிலிருந்து தினமும் மீசை கழுவினான், குச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஆறு லாரி கழுவுவதைவிட அது கஷ்டமாக இருந்தது. மூன்றாம் லாரிக்கு அடியிலிருந்து ஒருநாள் மீசையின் குரல் வந்தது. "அந்த வாளியைக் கொஞ்சம் தள்ளு."

குச்சியின் கை தானாக முன்னால் வந்துவிட்டது. பாதியில் இழுத்துக்கொண்டான்.

"நீயே எடுத்துக்கோ."

ஒரு கை வெளியே நீண்டு வாளியை இழுத்துக்கொண்டது. பிறகு, "சரி, கார்ப்பரல்" என்று வந்தது.

அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவன் அத்தனை ஏங்கியிருந்தான். கேட்டதும் அழுகை வந்தது. நிழலில் இருந்த ஐவரும் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் தங்கள் வண்டியைத் தாங்களே கழுவுவதாக, கேட்காமலே வந்து சொன்னார்கள். முதுகுவலிக்காரனுக்கு முதுகு சரியாகிவிட்டது.

சனிக்கிழமை வாசலில் குச்சிக்குத்தான் காவல் முறை. மீசை பையோடு வந்து நின்றான். குச்சி மேலும் கீழும் பார்த்தான்.

"கைப் பொத்தான்."

மீசை மாட்டினான்.

"போகலாம்."

"நன்றி, கார்ப்பரல்."

முகத்தைப் பார்க்காமலே மீசை கோட்டைத் தாண்டி நடந்தான். சரி, இனி இவ்வளவுதான் என்று குச்சி நினைத்துக்கொண்டான். பேருந்து நிறுத்தத்துக்குப் பாதி தூரத்தில் மீசை நின்றான். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்தான். இரண்டு கைப் பொத்தானையும் கழற்றிச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினான். பிறகு திரும்பி, தெருவே கேட்கும்படி கத்தினான்.

"டேய் குச்சி! குழந்தை பொறந்ததும் முதல் போன் உனக்குத்தாண்டா! என்னை மாதிரி நீயும் சமையல்காரர் சொல்லித் தெரிஞ்சுக்க வேணாம்!"

கூடக் காவலுக்கு நின்ற சிப்பாய் குச்சியைப் பார்த்தான். காவலில் இருப்பவன் கோட்டுக்கு உள்ளே நின்று அப்படியெல்லாம் பதில் கத்தக் கூடாது. குச்சி வலது காலை மட்டும் கோட்டுக்கு வெளியே எடுத்து வைத்து, "போடா!" என்றான்.